கழற்றிய மாலை

சித்திரை 27, ஞாயிறு

தொண்டை கட்டியிருக்கிறது. போரில் மாண்டோருக்கான வைகாசி நினைவு நாள் நெருங்கிவிட்டது. வெந்நீரும் தேனும் அன்றி வேறெதுவும் உள்ளே இறங்கலாகாது என எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டேன். ஆக்லாந்தின் ஒடாஹுஹு மருந்துக் கிடங்கில் நாள் முழுதும் வாய் திறவாமல் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள், மேடையேறினால் கூரையை உலுக்குவாள் என்பதை அங்கே எவரும் அறியார். அறிய வேண்டியதும் இல்லை.

இன்று ராகவி தன் ஆல்பனி பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துச் சென்றாள். "அம்மா, நீங்கள் மட்டும்தான் உலகத்தில கூட்டம் போடுறீங்கள் எண்டு நினைக்காதேங்கோ, வந்து பாருங்கோ" என்றாள். பெற்றவளைச் சீண்டுவதில் அவளுக்கு நிகர் அவளே.

அங்கு நடந்த கூட்டத்தில் பேசியவள் மரியாமா. ராகவியின் வகுப்புத் தோழி. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டவள். அவள் தம்பி அல்செனி, தலைநகர் கொனாக்ரியில் மாணவர் இயக்கமொன்றின் முன்னணியில் நின்றவன். வீடுகளில் மின்சாரம் நிலைக்காததால் மாணவர்கள் எரிபொருள் நிலையங்களின் விளக்கடியில் அமர்ந்து படிக்கிறார்களாம். அந்த விளக்கடியில்தான் இயக்கமும் பிறந்திருக்கிறது. "முதலில் வெளிச்சம், பிறகு வாக்கு" என்பது அவர்கள் முழக்கம். மாசி மாதத்தில் சீருடையற்ற சிலர் ஒரு வண்டியில் வந்து அவனை ஏற்றிச் சென்றனர். அன்று தொட்டு ஒரு சொல்லும் இல்லை.

அவள் பேசி முடித்தபோது எவரும் கை தட்டவில்லை. அங்கிருந்த ஆப்பிரிக்க மாணவர்கள் அனைவரும் விரல்களைச் சொடுக்கினர். சருகின் மேல் ஏதோ ஊர்ந்து வருவது போன்ற ஒலி.

"விளக்கடியில் யாராவது பேசும்போது பக்கத்தில் மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குழப்பக் கூடாது. அதனால் நாங்கள் கை தட்டுவதில்லை, தாந்தி" என்றாள் மரியாமா. அவர்கள் ஊரில் சின்னம்மாவைத் தாந்தி என்பார்களாம்.

கைதட்டலில் வளர்ந்தவள் நான். வீடு வந்த பின்னும் காதுக்குள் அந்தச் சருகு ஒலி அடங்கவில்லை.

சித்திரை 30, புதன்

நினைவுக் குழுத் தலைவர் ஜெயரட்ணத்திடம் பேசினேன். ஆண்டுதோறும் வேறோர் இனத்தின் போராளிகளை விருந்தினராக அழைப்பது நம் வழக்கம். இம்முறை கினியின் இளையோர் வரட்டும் என்றேன்.

"ஓமக்கா, தாராளமாய் வரட்டும். போனமுறை பின்வரிசை முழுக்கக் கதிரைதான் இருந்தது, ஆளில்லை. சாப்பாட்டில உறைப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுறன்."

வைகாசி 11, ஞாயிறு

நகரின் தெற்கே பாபகூராவிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் மகிழுந்துக்குள் பேச்சு ஒத்திகை. "அம்மா, டிராஃபிக் லைட்டுக்கே ஸ்பீச் குடுக்கிறீங்கள், அது பயந்து சிவப்பாய் நிக்குது" என்றாள் ராகவி.

வைகாசி 18, ஞாயிறு

என் வாழ்நாளின் சிறந்த பேச்சு இதுவே என எழுதத் தோன்றுகிறது. ஏனோ கை தயங்குகிறது. தயங்காதே, எழுது.

மண்டபத்தின் நினைவு மேசையில் நம்மவர் படங்கள் வரிசையாக இருந்தன. வழக்கம் போலவே குணவதி அக்கா விடியலில் எழுந்து தொடுத்த செவ்வந்தி மாலைகள் தட்டில். மரியாமா தன் தம்பியின் படத்தைச் சட்டமிட்டுக் கொணர்ந்திருந்தாள். பெரிய படம், கனத்த கண்ணாடி. எரிபொருள் நிலைய விளக்கின் கீழ் எடுத்தது. ஒளி உச்சியிலிருந்து விழுவதால் நெற்றியும் மூக்கும் ஒளிர்கின்றன. கண்கள் இருக்குமிடத்தில் இரு நிழற்குழிகள். எங்கு நின்றாலும் அவன் நம்மைப் பார்க்கிறானா இல்லையா என்று சொல்ல இயலாது. அதை வரிசையின் இறுதியில் வைத்தார்கள்.

நான் பேசினேன். வன்னியின் இருளிலிருந்து கொனாக்ரியின் இருளுக்குப் பாலம் கட்டினேன். "விளக்கடியில் படித்தவனே, விளக்காகவே ஆகிவிட்டவனே, அல்செனி! ஆழிகள் கடந்து எம் வீரவணக்கம்!" என்று முழங்கியபோது மண்டபம் எழுந்து நின்றது. அந்த வேகத்திலேயே தட்டிலிருந்து மாலையை எடுத்து அவன் படத்துக்குச் சூட்டினேன். முன்னே சுடர் எரிந்தது. மரியாமா புன்னகையோடு தன் கைப்பேசியில் படம் பிடித்தாள். அழுதாள் என்றும் நினைக்கிறேன்.

விருந்தின்போது, "அக்கா இண்டைக்கு மைக் வேர்த்துப் போச்சு" என்றார் ஜெயரட்ணம்.

குணவதி அக்கா மட்டும் என்னருகே வந்து மெல்லக் கேட்டார்: "பிள்ளை, அந்தப் பெடியன் செத்தது எப்ப தெரிய வந்தது?"

நான் சாம்பாரை நகர்த்தி வைத்தேன்.

மாணவர்கள் பேருந்தில் வந்தவர்கள். அந்தக் கனத்த படத்தை எப்படித் தூக்கிச் செல்வார்கள்? நம் மகிழுந்தில் ஏற்றி வந்தோம். வரவேற்பறையில் சுவரில் சாய்ந்து நிற்கிறது, மாலையோடு.

வைகாசி 19, திங்கள்

ராகவி சொன்னாள்: தம்பி போனது முதல் மரியாமா அவன் எண்ணுக்கு நாள்தோறும் ஒரு செய்தி அனுப்பி வந்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒற்றைக் குறியே, போய்ச் சேரவில்லை. நேற்று மாலையிட்ட படத்தையும் அனுப்பினாள். சற்று நேரத்தில் எல்லாச் செய்திகளிலும் இரட்டைக் குறி விழுந்துவிட்டதாம். மாசியிலிருந்து அனுப்பிய அனைத்தும், ஒரே கணத்தில்.

எவரோ அந்தக் கைப்பேசிக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

வைகாசி 23, வெள்ளி

மரியாமா வந்தாள். உட்காரவில்லை.

"தாந்தி, உங்கள் நாட்டில் படத்துக்கு மாலை போட்டால் என்ன பொருள்?"

மதிப்பு என்றேன்.

"உயிரோடு இருப்பவர்களின் படத்துக்கும் போடுவீர்களா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். எத்தனை மேடைகள் கண்ட வாய் இது.

அவள் சொன்னதை எழுதி வைக்கிறேன். அன்றைய காணொளியைக் குழுவின் இளையோர் ஆங்கில வரிகளோடு இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். "களப்பலியான அல்செனிக்கு எமது இறுதி வணக்கம்" என்று வரி ஓடுகிறது. பின்னால் "இறந்தோர் நினைவாக" என்ற பதாகை. அதற்கு முன்பே மரியாமா மாலையிட்ட படத்தைப் பெருமை என்று எண்ணி ஊருக்கு அனுப்பியிருந்தாள். ஊரில் காணொளியைப் பார்த்தவர்கள் அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வரத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் அரிசியோடு வந்தார்கள். தாய் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்; அண்டை வீட்டார் விட்டுச் சென்ற அரிசி மட்டும் வாசலில் கிடக்கிறதாம். தந்தை எவரோடும் பேசுவதில்லை.

அல்செனியை உயிரோடு முன்னிலைப்படுத்துமாறு குடும்பம் அரசு மீது வழக்குத் தொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பு இப்போது அந்தக் காணொளியைக் காட்டுகிறதாம்: அவனுடைய ஆட்களே அவன் இறந்ததை அறிந்து வெளிநாட்டில் அஞ்சலி செலுத்திவிட்டார்கள், இனி யாரைத் தேடுவது?

"என் அம்மா ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கச் சொன்னார்," என்றாள். "அந்தப் பெண் எதைப் பார்த்தாள்?"

ஒன்றையும் பார்க்கவில்லை. எவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மேசையில் வைத்த படங்களுக்கு மாலையிடுவது வழக்கம். கை தன் வழக்கத்தைச் செய்தது. வாய் கைக்குப் பின்னே ஓடியது. ஐயோ, என்ன வேலை செய்து போட்டன்.

"மாலையோடு அவன் என் அறைக்குள் வரக் கூடாது," என்று சொல்லிப் படத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

வைகாசி 25, ஞாயிறு

மாலையைக் கழற்றப் போனேன். முடியவில்லை. செவ்வந்தி வாடிக் கறுத்திருக்கிறது. எப்படிக் கழற்றுவது, கழற்றியதை எங்கே இடுவது? குணவதி அக்காவை அழைத்துக் கேட்டேன்.

"படத்துக்குப் போட்ட மாலை வாடி விழும், இல்லாட்டிப் புதுசு போடுவம். சும்மா கழட்டுற வழக்கம் எங்களிட்ட இல்லைப் பிள்ளை."

அவரிடமே கொண்டு போவோம் என்று படத்தை மகிழுந்தின் முன்னிருக்கையில் வைத்துப் புறப்பட்டேன். தெருமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்திலிருப்பவர் இருக்கைப் பட்டி அணியவில்லை என்று எச்சரிக்கும் மணி. கண்ணாடியின் கனத்தை மகிழுந்து ஓர் ஆள் என எண்ணிவிட்டது. நிறுத்தாமல் அடித்தது. நான் வண்டியை ஓரம் கட்டி, அவன் மார்புக்குக் குறுக்கே பட்டியை இழுத்து மாட்டினேன். மணி அடங்கியது.

அதன் பின் எங்கும் போகவில்லை. வீட்டுக்கே திருப்பிவிட்டேன்.

வைகாசி 29, வியாழன்

ஆள் இருக்கிறார் என்று ஒரு வண்டிக்குத் தெரிகிறது.

ஆனி 3, செவ்வாய்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் இன்னும் வளரும்.

அல்செனியின் எண்ணிலிருந்து மரியாமாவுக்கு ஓர் ஒலிச்செய்தி வந்திருக்கிறது. ராகவியோடு வந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். முதலில் இரைச்சல், மின்னாக்கி ஓடும் ஒலி. ஓர் இரும்புக் கதவு. யாரோ மூச்சு விடுகிறார். பிறகு, தொலைவிலிருந்து, ஒரு பெண் குரல். தமிழ்.

"விளக்காகவே ஆகிவிட்டவனே, அல்செனி!"

என் குரல்.

அந்தக் கைப்பேசியை வைத்திருப்பவர்கள் என் பேச்சை ஏதோ ஓர் அறையில் ஓடவிட்டு, அதைப் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். வேறொரு சொல்லும் இல்லை. வீரவணக்கம் என்பதோடு அறுகிறது. அந்த அறையில் அதை யார் கேட்டார்? யாருக்குக் கேட்கும்படி ஓடவிட்டார்கள்?

"அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்," என்றாள் மரியாமா. சற்றுப் பொறுத்து, "அல்லது அவனே அனுப்பியிருக்கலாம்," என்றாள். அதற்கும் சற்றுப் பின், "மூச்சு அவனுடையதா என்று எனக்குத் தெரியவில்லை, தாந்தி. தம்பியின் மூச்சுச் சத்தத்தை யார் கேட்டு வைத்திருப்பார்கள்?"

ஆனி மாதத்தில் ஆக்லாந்தின் கடிகாரமும் கொனாக்ரியின் கடிகாரமும் ஒன்றையே காட்டும். பகலும் இரவும் மட்டும் இடம் மாறியிருக்கும். சுவரிலுள்ள முட்களை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், அதே முட்களின் கீழே இருட்டில் என் குரல் ஓடுவதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடு. தேடுவோர் உள்ளவரைதான் ஒருவனை அழிப்பது கடினம். இறந்தான் என்று உலகம் ஒப்புக்கொண்ட பின் அவனைக் கொல்ல என்ன தடை? அழுது முடித்தாயிற்று, மாலையும் இட்டாயிற்று. அவர்களுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வேலை மட்டும்தானே?

அந்த வேலைக்கு வழி திறந்து வைத்தவள் நானா?

ஆனி 8, ஞாயிறு

கொனாக்ரி வழக்கறிஞர் மரியாமா வழியே சொல்லியனுப்பினார்: எதிர்த்தரப்பு காட்டும் காணொளிக்கு இன்னொரு காணொளியே விடை. சொன்ன பெண்ணே, சொன்ன இடத்திலேயே, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வேண்டும். மாலையையும் அங்கேயே எடுக்க வேண்டும். அடுத்த விசாரணைக்கு முன்.

மேடையில் சொன்ன சொல்லை நான் மீட்டதில்லை. பேச்சாளரின் முதுகெலும்பு அது என்று இளையோருக்குப் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். இரவெல்லாம் என்னோடு நானே வழக்காடினேன். விடிந்ததும் ஜெயரட்ணத்தை அழைத்து மண்டபம் கேட்டேன்.

"அக்கா, வீட்டில இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோவன். மண்டபம் எதுக்கு?"

சொன்ன இடத்தில் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீங்கள் ஒரு மாலையைக் கழட்டிப் போட்டுப் போயிடுவீங்கள். அந்த மேசையில எத்தினை படம் இருக்கு? எல்லாரும் கண்ணுக்கு முன்னால போனவையோ? காணாமப் போன ஆக்கள் எத்தினை பேர் அந்த வரிசையில இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? இண்டைக்கு இதைக் கழட்டினால் நாளைக்கு எனக்கு எத்தினை போன் வரும்? நான் என்ன பதில் சொல்லுறது?"

அவர் குரலில் இருந்தது கோபமன்று. அச்சம். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வரிசை சீராகத் தெரிய வேண்டும் என்று ஆண்டுதோறும் நாம் எல்லாரையும் ஒன்றுபோல இறக்கச் செய்திருக்கிறோம்.

"நீங்கள் தராவிட்டால் வாகன நிறுத்தத்தில் நின்று சொல்வேன்," என்றேன்.

"தெரியும். அதுக்கும் கூட்டம் சேர்ப்பீங்கள்." பெருமூச்சு. "தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம். பதாகை இல்லை. மைக் இல்லை. உங்களுக்கு அது தேவையுமில்லை."

ஆனி 14, சனி

பேச்சு எழுத அமர்ந்தேன். எதுகையோடு வருகிறது. கிழித்தேன். மீண்டும் எழுதினேன். அடுக்குமொழி. கிழித்தேன்.

ராகவி தாள்களைப் பொறுக்கிக்கொண்டே, "அம்மா, பால் முடிஞ்சுது எண்டு டெய்ரிக்காரனிட்டச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ, காணும்," என்றாள்.

ஆனி 22, ஞாயிறு

மழை. பள்ளி முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த பெற்றோர், ஏதோ நடக்கப் போகிறது என்று நின்றுவிட்டார்கள். மரியாமாவின் தோழர்கள் பின்சுவர் ஓரமாக நின்றனர். அதே மேசை. சுடரில்லை. அதன் மீது அல்செனி, கறுத்துச் சுருண்ட மாலையோடு.

நான் சொன்னது இவ்வளவே. முதலில் தமிழில், பின் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"என் பெயர் சுகந்தினி. வைகாசி பதினெட்டில் இங்கே நின்று அல்செனி இறந்துவிட்டான் என்று சொன்னேன். எனக்கு அது தெரியாது. எனக்கு எவரும் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி மாலை போட்டேன். அது பிழை. அல்செனி இருக்கிறான். அவனைக் கேட்கிறோம்."

குரல் நடுங்கியது. மேடையில் என் குரல் நடுங்கி நானே கேட்டது இன்றுதான்.

மாலையைக் கழற்றினேன். இதழ்கள் பொடிந்து மேசையில் கொட்டின. நூல் மட்டும் கையில் மிஞ்சியது. ஓரிதழ் கண்ணாடியில், கண்குழியின் மேல் ஒட்டிக்கொண்டது. மரியாமா வந்து விரலால் எடுத்தாள்.

முடிந்தது என்று எண்ணினேன்.

குணவதி அக்கா எழுந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து தன் கணவர் படத்தை எடுத்து அல்செனிக்குப் பக்கத்தில் வைத்தார். வைகாசியில் அக்காவே தொடுத்த மாலை அதிலும் வாடிக் கிடந்தது. போரின் இறுதி நாளில் சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏறியவர் அக்காவின் கணவர். அதை நாங்கள் அனைவரும் அறிவோம், எவரும் பேசியதில்லை.

அக்கா மாலையைக் கழற்றினார்.

"குணவதி அக்கா, இது வேற விசயம்..." என்றார் ஜெயரட்ணம்.

"என்ன வேற, தம்பி? அந்தப் பெடியனும் வாகனத்தில, இவரும் வாகனத்தில. நான் இவரை பஸ்ஸில ஏத்திவிட்டனான். பாடையில இல்லை." நூலைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்தார். "வரிசை வடிவாய்த் தெரியோணும் எண்டு நீங்கள் கேட்டியள். நானும் இவ்வளவு காலம் கட்டிக் குடுத்திட்டன். இனிக் காணும்."

கூரையில் மழை. வாசலோரம் நின்ற ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே சென்றார். அவர் மகனின் படமும் அந்த வரிசையில் உண்டு.

அப்போது பின்சுவரிலிருந்து எழுந்தது அந்த ஒலி. சருகின் மேல் ஏதோ நடப்பது போல. விரல்கள். எங்களில் ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயரட்ணம் மேசையைத் துடைத்தார், பொடிந்த இதழ்களை உள்ளங்கையில் கூட்டி எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

ஆடி 9, புதன்

விசாரணையில் காணொளியை ஏற்றுக்கொண்டார்களாம். எதிர்த்தரப்பு இறப்பு என்ற சொல்லை இம்முறை பயன்படுத்தவில்லை. வழக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். மரியாமாவின் தாய் அண்டை வீட்டாரின் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

ஜெயரட்ணத்துக்கு இதுவரை பல அழைப்புகள். "போன் சுடுது அக்கா," என்கிறார். குரலில் குறை இல்லை.

ஆடி 20, ஞாயிறு

படத்தை மரியாமாவிடம் சேர்க்க ஆல்பனிக்குச் சென்றேன். முன்னிருக்கையில் வைத்தேன், மணி அடிக்கும் முன்னரே பட்டியை மாட்டினேன். பாலத்தைக் கடக்கையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒளி பக்கவாட்டில் விழுந்தபோது, குழிகளுக்குள்ளே கண்கள் இருந்தன.

வளாக வாயிலில் காத்திருந்தவள் பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கைப்பேசியை நீட்டினாள். அதே எண். காலையில் வந்ததாம்; தனியாகக் கேட்க அஞ்சி வைத்திருந்தாள்.

மின்னாக்கி. இரும்புக் கதவு. மூச்சு. பிறகு என் குரல். இம்முறை முழங்கும் குரலன்று, மழைக்குள் நடுங்கும் அந்தக் குரல். "அல்செனி இருக்கிறான். அவனைக் கேட்கிறோம்." அத்தோடு நின்றது.

அறுந்துவிட்டது என்று எண்ணிக் கையை நீட்டினேன். மரியாமா என் மணிக்கட்டைப் பற்றினாள்.

இரைச்சலுக்குள்ளே, மிக அருகில், ஒரு சொடுக்கு. இடைவெளி. இன்னொரு சொடுக்கு.

பிறகு உண்மையாகவே அறுந்தது.

அவன்தானா என்று நான் கேட்கவில்லை. இயக்கத்தை அறிந்த எவரும் அப்படிச் சொடுக்கலாம். காவலுக்கு நிற்பவனும் கற்றிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. வெளியே மாணவர்கள் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்தில் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள்," என்றாள் கடைசியில். அவள் வலக்கை உயர்ந்தது. முன்னிருக்கையை நோக்கி, மெதுவாக, இருமுறை சொடுக்கினாள்.

நானும் முயன்றேன். கை தட்டியே பழகிய விரல்கள். வழுக்கின, ஓசை எழவில்லை. மீண்டும். இல்லை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

மூன்றாம் முறை கேட்டது.